புண் ஆறியபின்

குறுந்தொகையின் 269ஆம் பாட்டை முதுகலையில் ஒரு முறை படித்தேன். நெட் தேர்வுக்காக ஒரு முறை. முனைவர் பட்ட ஆய்வுக்காக எத்தனை முறை என்று கணக்கில்லை. மொத்தம் எட்டு அடி. கல்லாடனார் பாடியது. ஒரு பெண் பேசுகிறாள். சுறா தாக்கிய புண் ஆறி அப்பா மறுபடியும் கடலுக்குப் போய்விட்டார். அம்மா உப்பைக் கொடுத்து நெல் வாங்கப் போகிறவள், அதற்காக உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். இப்போது அவன் வந்தால் சுலபமாகப் பார்க்கலாம். ஆனால் இதை அவனிடம் போய்ச் சொல்ல, நெடுந்தூரம் சளைக்காமல் நடக்கக்கூடிய ஓர் ஆள் கிடைத்தால் நன்றாயிருக்கும். இவ்வளவுதான் பாட்டு.

முதுகலை நோட்டில் இதற்கு நான் எழுதிவைத்த குறிப்பு இன்னும் இருக்கிறது. திணை நெய்தல். முதற்பொருள் கடலும் கடல் சார்ந்த இடமும். கருப்பொருள் சுறா, உப்பு. ‘சுறா’வின் கீழே பச்சை மையில் இரண்டு கோடு. எதற்காக அந்தச் சுறாவுக்கு மட்டும் அவ்வளவு மரியாதை கொடுத்தேன் என்று தெரியவில்லை. பத்து மதிப்பெண் வினா வந்தால் எழுத வேண்டியது எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது.

பருவத் தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் உவரிக்கு வந்திருந்தேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். வீட்டின் பின்வாசலில் உட்கார்ந்து பாட்டையும் உரையையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊரில் ஆய்வதென்றால் மீன் ஆய்வதுதான். நான் பிற்பாடு ஆய்வு மாணவனாகச் சேர்ந்தபோது ‘எய்யா, நீயும் அங்க போயி ஆயத்தான் போறியா’ என்று கேட்டவள் அவள். அன்றைக்கு அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

“அந்த மனுசன் எத்தன நாளு கரையில கெடந்தாராம்?”

எனக்குப் புரியவில்லை. எந்த மனுசன் என்று கேட்டேன்.

“சுறா கடிச்சவருய்யா. புண்ணு ஆறத்துக்கு எத்தன நாளாச்சாம்? பாட்டுல போடலியோ?”

பாட்டில் போடவில்லை. உரையிலும் இல்லை. அப்படி ஒரு கேள்வி வரக்கூடும் என்று என் ஆசிரியர்கள் யாரும் எச்சரிக்கவும் இல்லை. ‘அதெல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா’ என்று படிப்பைத் தொடர்ந்தேன். தேர்வில் நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன்.

அம்மா ஏன் அதைக் கேட்டாள் என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவின் புறங்காலில் திருக்கை முள் ஏறியது. கால் பூசணிக்காயாக வீங்கி, சீழ் வைத்து, நாற்பது நாளுக்கு மேல் அவர் மரத்தில் ஏறவில்லை. மரம் என்றால் எங்களுக்குக் கட்டுமரம். முதல் வாரம் உறவுக்காரர்கள் குழம்புக்கு மீன் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் மீன் வியாபாரியிடம் முன்பணம். மூன்றாம் வாரம் அம்மாவின் கம்மல். பாட்டி, விட்டுவிட்டிருந்த கடவத்தை மறுபடி தலையில் ஏற்றினாள். அந்தப் பெரிய ஓலைப்பெட்டி நிறையக் கருவாட்டைச் சுமந்து, சூடு பறக்கும் தேரி மணலைத் தாண்டி, திசையன்விளைப் பக்கத்து ஊர்களுக்கு நடந்தாள். வரும்போது கடவத்தில் அரிசி இருக்கும், கருப்பட்டி இருக்கும். உப்பைக் கொடுத்து நெல் வாங்கப் போன தாயை ஆறாம் வகுப்பிலேயே நான் பார்த்துவிட்டேன். முதுகலையில் அவளைக் ‘கருப்பொருள்’ என்று எழுதினேன்.

வகுப்பறை வாசிப்பு தவறு என்று சொல்ல வரவில்லை. அது நுட்பமானது. அப்பாவின் புண் ஆறாதவரை அவர் வீட்டில் கிடந்தார். அவர் கிடந்தவரை அவள் வெளியே வர முடியவில்லை. காதலுக்குத் தடையாக இருந்தது அந்தப் புண். அது ஆறியதும் வழி திறக்கிறது. ஒரு புண்ணை இப்படி ஒரு கதவாக்கிவிட்ட கவிஞரை எண்ணி இன்றும் வியக்கிறேன். ஆனால் அதே புண் அந்த வீட்டுக்குள் இன்னொரு கணக்கை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மகளுக்குத் தடை, தாய்க்குப் பசி. அப்பா கடலுக்குப் போன அதே நாளில் தாயும் ஏன் உப்பளத்துக்கு ஓடுகிறாள்? ஓட வேண்டியிருந்தது. எத்தனை நாளாகவோ உலையில் அரிசி விழவில்லை. பாட்டு அதைச் சொல்லவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டால் சொல்லும்.

குறுந்தொகைக்குப் பேராசிரியர் எழுதிய பழைய உரை ஒன்று இருந்தது. அவர் விட்டுவிட்ட இருபது பாட்டுகளுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார். இரண்டுமே கிடைக்கவில்லை. சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் அச்சிட்டதும், உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்ததும், பிறகு வந்தவர்கள் எழுதியதும்தான் நாம் படிக்கும் உரைகள். தொலைந்துபோன அந்த உரையில் எங்கேயாவது ‘எத்தனை நாள்’ என்று ஒரு வரி இருந்திருக்குமா என்று ஆய்வுக் காலத்தில் அசட்டுத்தனமாக யோசித்ததுண்டு. இருந்திருக்காது.

*

ஆய்வுக் காலம் என்றதும் எனக்கு நினைவு வருவது ஒரு வினைச்சொல்: ‘அறியமுடிகிறது’. சங்க இலக்கியத்தில் பரதவர் வாழ்வியல் பற்றியது என் ஆய்வேடு. தமிழ்த்துறைகளில் வாழ்வியல் என்றால் அதற்கென்று ஒரு வார்ப்பு உண்டு. தொழில், உணவு, உடை, வழிபாடு, நம்பிக்கை என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பாட்டையும் அறுத்து உரிய பெட்டியில் போட வேண்டும். 269ஆம் பாட்டு ‘தொழில்’ பெட்டிக்குப் போனது. ‘பரதவர் சுறாமீன் வேட்டையில் ஈடுபட்டனர் என்பதை இப்பாடலால் அறியமுடிகிறது.’ என் அப்பா நாற்பது நாள் கரையில் கிடந்ததைப் பார்த்த நான்தான் அந்த வாக்கியத்தை எழுதினேன். அடுத்த பாட்டுக்கும் அப்படி ஒரு வாக்கியம். ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுத்த இடத்திலிருந்த பெண் ‘சார், அறியமுடிகிறதுன்னு தனியா ஒரு சாவி வச்சிக்கலாமா’ என்று கேட்டாள். எனக்குக் கிடைத்த மிகச் சரியான மதிப்புரை அதுதான்.

உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலில் ஒரு நேர்ச்சை உண்டு. ஓலைப்பெட்டியில் கடல் மண்ணை அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். நேர்ந்துகொண்ட எண்ணிக்கை முடியும்வரை நடை. மண் குவியும். அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்து இது என்ன மண் என்று எவரும் கேட்பதில்லை; கேட்கவும் கூடாது, அது நேர்ச்சை. என் ஆய்வேட்டின் குறிப்பட்டைகளைக் கட்டுக் கட்டாகச் சுமந்தபோது அந்த நடைதான் நினைவுக்கு வரும். நேர்ச்சைக்காரருக்கு நம்பிக்கையாவது இருந்தது.

உவரியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திசையன்விளை, இட்டமொழி, மூலைக்கரைப்பட்டி என்று பனங்காட்டினூடே போய், வயல்வெளியைப் பிடித்து, பாளையங்கோட்டையில் இறங்கினால் காற்றில் உப்பு இருக்காது. முதல் சில மாதங்கள் மூச்சு விடுவதே புதிதாக இருந்தது. அங்கிருந்து அபிஷேகப்பட்டிக்கு இன்னொரு பஸ். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் தொடங்கியது; சுற்றிலும் பொட்டலாகக் கிடக்கும் வளாகம். நான் அந்தப் பக்கம் போன காலத்தில் அங்கே தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர் தொ. பரமசிவன். ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் அவர் உப்பைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒரு பிடி உப்பிலிருந்து சாதி, சடங்கு, கூலி, உறவு என்று அவர் போய்க்கொண்டே இருக்கிறார். நான் உப்பு விற்ற வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. எனக்கு உப்பு ஒரு கருப்பொருள்.

பாளையங்கோட்டைக்கு இன்னொரு மரபும் உண்டு. நா. வானமாமலை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவரல்ல. தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். 1967இல் நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கினார், 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழ். பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் வேறு வேலை பார்த்தவர்களும் கூடி, கட்டுரை வாசித்து, ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசினார்கள். பட்டமோ உதவித்தொகையோ வாய்மொழித் தேர்வோ அவர்களுக்கு இல்லை. அந்தப் பழைய ‘ஆராய்ச்சி’ இதழ்களை நூலகத்தில் புரட்டும்போது ஏக்கமாக இருக்கும். எனக்கு உதவித்தொகை இருந்தது, மாதக்கணக்கில் தாமதமாக வந்தது, அதன் பின்னாலேயே பாதி நாள் அலைந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லா ஆய்வு மாணவர்களுக்கும் தெரிந்த கதை. என்னை மறுத்துப் பேச மட்டும் ஆளில்லை. வாய்மொழித் தேர்வில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, துணைநூற்பட்டியலில் ஆண்டு ஏன் விடுபட்டிருக்கிறது என்பது.

அம்மாவின் கேள்விக்கு இணையாக ஒன்றைக்கூட அந்த ஆறு ஆண்டுகளில் என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

*

ஊரின் பெயரைச் சொன்னாலே ‘அந்தோனியார் கோயிலா’ என்று கேட்பார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோயிலும்தான் வெளியாருக்கு உவரி. 2004க்குப் பிறகு இலக்கியம் படிப்பவர்கள் வேறு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்: ‘ஜோ டி குருஸ் ஊரா?’ அவர் 1963இல் எங்கள் ஊரில் பிறந்தவர். கப்பல் வணிகத்தில் வேலை பார்த்துக்கொண்டு எழுதியவர். ‘ஆழி சூழ் உலகு’ தமிழினி வெளியீடாக வந்தபோது விடுதியில் ஒரே பிரதிதான் சுற்றியது. என் அறைத்தோழன் புளியங்குடிக்காரன். எலுமிச்சம்பழ வியாபாரக் குடும்பம். பத்துப் பக்கம் படித்துவிட்டு ‘ஏல, இது தமிழா’ என்றான். ஒரு மாதம் நான் அவனுக்கு நடமாடும் அகராதியாக இருந்தேன். அணியம் என்றால் மரத்தின் முன்தலை. பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு, மீன் அங்கேதான் கூடும். கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து வரும் காற்று.

கொண்டல் என்று சொல்லும்போது நாக்கு ஒரு நொடி நின்றது. அந்தச் சொல்லை நான் சங்கப் பாட்டின் அருஞ்சொற்பொருளிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: கொண்டல், கீழ்காற்று. அப்பா தினமும் வீட்டில் சொன்னதும் அதே சொல், அதே பொருள். இரண்டும் ஒன்றுதான் என்று புளியங்குடிக்காரனுக்கு விளக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. வீட்டில் கேட்டது ஒரு காதிலும் வகுப்பில் கேட்டது இன்னொரு காதிலுமாக அத்தனை காலம் இருந்திருக்கிறேன்.

அந்த நாவல் எனக்குச் செய்த இன்னொரு காரியம் பெரிது. கடலில் கவிழ்ந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் மூன்று பேரைக் கொண்டு அது தன் கதையைச் சொல்கிறது: கோத்ரா, சூசை, சிலுவை. சங்க நெய்தலில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கரையில் நிற்பவர்கள். கானலில், புன்னை நிழலில், தாழை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள். கடலுக்குள் போனவர் பாட்டின் விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறார். 269இல் அப்பா அரை வரியில் கடலுக்குள் இறங்கிவிடுகிறார், அதன்பின் அவரைப் பற்றிப் பேச்சில்லை. வண்ணநிலவன் 1977இல் எழுதிய ‘கடல்புரத்தில்’ மணப்பாட்டைக் களமாகக் கொண்டது. அவர் கடற்கரைக்காரரல்ல, அதனாலோ என்னவோ வீட்டுக்குள் நடப்பதை அவ்வளவு கூர்மையாகக் கேட்டார். வல்லத்துக்கும் லாஞ்சுக்குமான சண்டைகூட அதில் வீட்டு வாசலுக்கு வந்துதான் நமக்குத் தெரிகிறது. ‘ஆழி சூழ் உலகு’ நாவலின் அந்த மூன்று பேரோ தண்ணீருக்குள் கிடந்து கரையைப் பார்க்கிறார்கள். கரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதைப் படித்த பிறகு 269க்குத் திரும்பியபோது, அந்த அரை வரிக்குள் போன மனுசனைப் பின்தொடர்ந்து போகலாம் என்று தோன்றியது. ஆய்வேடு அதற்குள் தட்டச்சாகிவிட்டது.

ஊரில் அந்த நாவலைப் பலர் படித்தார்கள். புத்தகம் என்று எதையும் தொடாதவர்கள் கூடப் படித்தார்கள், அல்லது படித்தவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். நாவலில் வரும் ஆமந்துறை உவரிதானே, இதில் வருவது யார் வீட்டுக் கதை என்பதே பேச்சு. எழுதப்பட்டவர்கள் வாசகர்களாக எழுந்து வருவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில்தான் இடையன்குடி. கால்டுவெல் அங்கே 1841இல் வந்து தங்கினார். தேரி வெக்கையில் உட்கார்ந்து எழுதிய ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. நூலகம் ஆறு மணிக்கு மூடிவிடுகிறது என்று மனுக் கொடுத்த தலைமுறை நாங்கள். அதே கால்டுவெல் இந்தப் பகுதி நாடார் மக்களைப் பற்றி 1849இல் ஒரு நூல் எழுதினார். அவர்களில் படித்து வந்தவர்களே பிற்பாடு அந்த நூலைக் கடுமையாக எதிர்த்தார்கள். திராவிட மொழிகளை எல்லாம் படித்த மனிதர், தான் எழுதிய மக்கள் தன்னைப் படிப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கொடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்குக் கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். ஆய்வு முடித்த ஆண்டு அவர் அடக்கமாகியிருக்கும் கோயிலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் ஆய்வேட்டை அம்மா படிக்க மாட்டாள் என்ற நிம்மதி இருந்தது. அது நிம்மதிதானா என்பது வேறு.

*

இப்போது நான் பாடம் நடத்துகிறேன். தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு அல்ல; பி.காம். மாணவர்களுக்கு, பகுதி ஒன்று தமிழ். சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் மணி நேரம். அறுபத்தைந்து பேர். செய்யுள் திரட்டில் ஒரு குறுந்தொகைப் பாட்டு, ஒரு நற்றிணைப் பாட்டு, பிறகு திருக்குறளில் இரண்டு அதிகாரம். தமிழில் தேறினால் போதும் என்பது அவர்கள் நிலை, தூங்காமல் இருந்தால் போதும் என்பது என்னுடையது.

நடுக்கடலில் பாரைக் கண்டுபிடிக்க அப்பாவின் தலைமுறை ஒரு வழி வைத்திருந்தது. கரையில் ஒரு கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு நெட்டைப் பனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள். இரண்டு பார்வையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கல்லை இறக்கினால் கீழே பார் இருக்கும். ஒரே திசையில் பார்த்தால் இடம் பிடிபடாது. கவிதை வாசிப்புக்கு இதைவிட நல்ல உவமை இல்லை என்று வகுப்பில் சொல்லத் துடிப்பேன். சொல்வதில்லை. அப்பா ஜிபிஎஸ் வாங்கி வருடங்களாகின்றன.

போன பருவத்தில் திரட்டில் இல்லாத 269ஆம் பாட்டை ஒரு நாள் எடுத்தேன். பாடத்திட்டம் முடிந்துவிட்டது, மணி அடிக்க நாற்பது நிமிடம் இருந்தது, வேறு காரணமில்லை. திணையும் துறையும் சொல்லவில்லை. கதையாகச் சொன்னேன். பிறகு அம்மா கேட்ட கேள்வியைக் கேட்டேன்: அவர் எத்தனை நாள் கரையில் கிடந்திருப்பார்? வகுப்பு விழித்துக்கொண்டது. ஒருவன் பதினைந்து நாள் என்றான். தையல் போட்டிருந்தால் ஒரு மாதம் என்றான் இன்னொருவன். அப்போது சம்பளம் யார் கொடுப்பார்கள் என்று கேட்ட பையன், தன் அப்பா லோடுமேன், முதுகெலும்பு நழுவி மூன்று மாதம் படுத்திருந்தார் என்றான். அவன் அந்த ஆண்டு முழுக்க என் வகுப்பில் பேசிய முதல் வாக்கியம் அது. அந்த மூன்று மாதம் அவன் அம்மா எங்கே வேலைக்குப் போனாள் என்று நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான், பீடி சுற்றினாள் என்று.

பின்வரிசையில் ஒரு பெண், கணக்கில் கெட்டிக்காரி, நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டே இருந்தாள். கையைத் தூக்கினாள்.

“சார், அவங்கப்பா ராத்திரி போனா எப்ப திரும்புவாரு?”

மரத்தில் போனால் சாமத்தில் தள்ளி மறுநாள் மதியத்துக்குள் கரைபிடிப்பார்கள் என்றேன்.

“அம்மா?”

பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவாள்.

“அவன் ஊரு ரொம்ப தூரம்னு சொன்னீங்க. தூது போறவரு நடந்து போகணும், அப்புறம் அவன் நடந்து வரணும்.” பேனாவை மூடினாள். “அதுக்குள்ள அவங்கப்பா வந்துருவாரே சார்.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாட்டை அத்தனை ஆண்டு கையில் வைத்திருந்தும் இதை நான் பார்க்கவில்லை. ஆள் கிடைத்தால் நன்று என்றுதான் அந்தப் பெண் சொல்கிறாள். ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் நேரம் காணாது. அந்தத் தூது கிளம்பவே இல்லை. வெறும் வீட்டில் அவளும் தோழியும் மட்டும். கடலில் அப்பா, உப்பளத்தில் அம்மா. இரண்டு பேரும் திரும்புவதற்குள் அடங்கிவிடப்போகிற ஓர் ஆசையை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறாள். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று நோட்டில் எழுதியிருந்தேன். அது எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு பி.காம். மாணவி நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மணி அடித்துவிட்டது. அவள் பெயரைக் கேட்டு வருகைப் பதிவேட்டில் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன், எதற்கென்று தெரியாமல்.

அன்று இரவு அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பா வலைக்குப் போயிருந்தார். வயதாகிவிட்டது, போக வேண்டாமென்றால் கேட்பதில்லை. காற்று எப்படி என்று கேட்டேன். கொண்டல் எழும்பியிருக்கு என்றாள். பழைய பாட்டை நினைவிருக்கிறதா என்றதும் ‘சுறா கடிச்சவரா’ என்று உடனே கேட்டாள். வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளை போட்ட கணக்கையும் சொன்னேன்: அவன் வந்து சேருவதற்குள் அப்பா திரும்பி வந்துவிடுவார், காரியம் நடக்காது என்று.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் கடல் சத்தம் கேட்டது.

“வந்தாச் சரிதான்” என்றாள்.